எட்டாம் வளைவு – 14: இழுத்துக் கட்டிய வீடு

இன்னும் முப்பத்தொரு மணி நேரம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு ‘எட்டாம் வளைவு’ விளையாட்டின் புதுப்பகுதி தானாக வெளியாகிவிடும். இப்போது சனிக்கிழமை காலை பதினொன்று. கம்ப்யூட்டர் திரையின் மூலையில் நேரம் நொடிநொடியாகக் குறைந்துகொண்டிருந்தது. அபிநயா அதைப் பார்க்காமல் பெரியண்ணனின் கையைப் பார்த்தாள்.

அன்புச்செல்வன் ஒரு கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தான்.

திரையில் விளையாட்டின் நாயகன் வேலன் எதிரியைப் பின்னாலிருந்து பிடித்து, தலையை நிமிர்த்தி, கத்தியை இழுத்தான். ரத்தம் பாறையில் தெறித்தது. அன்பு விளையாட்டை நிறுத்தி உற்றுப் பார்த்தான்.

“தண்ணியா ஓடுது. இன்னும் கெட்டியாக்கணும்.”

“கெட்டியானா தெறிக்காதுண்ணா” என்றாள் அபிநயா. “ரெண்டுல ஒண்ணுதான் கெடைக்கும்.”

அவள் பி.எஸ்சி. இயற்பியல். ரத்தம் எவ்வளவு வேகத்தில் வழிய வேண்டும் என்பதை எண்களாக எழுதிக் கொடுத்தது அவள்தான். அதைத் தவிர அந்த மாடி அறையில் அவள் அதிகம் பேசுவதில்லை.

தியாகதுருகத்தில், கோட்டை மலை தெரியும் அந்தத் தகரக்கூரை மாடியில் மூன்று பேரும் சேர்ந்துதான் ‘எட்டாம் வளைவை’ உருவாக்கினார்கள். கதை அன்புவுடையது. சண்டைகளுக்கான நிரல் சின்னண்ணன் சிவசங்கருடையது. வீடு, வயல், கிணறு, மலைப்பாதை எல்லாம் அபிநயா போட்டது.

கதையை அன்பு எங்கும் தேடிப் போகவில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அவர்களுடைய அப்பா செல்லமுத்து, கல்வராயன் மலைச் சாலையில் எட்டாவது வளைவுக்குக் கீழே, தன் மொபெட்டோடு செத்துக் கிடந்தார். விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். அன்பு அதை ஒரு நாளும் நம்பியதில்லை. அப்பாவின் தலையில் பின்பக்கம் ஒரே ஒரு அடி. பள்ளத்தில் உருண்டவருக்கு முழங்கையில் கூடச் சிராய்ப்பு இல்லை.

விளையாட்டில் வேலன் தன் அப்பாவைக் கொன்றவனைத் தேடி மலை ஏறுகிறான். பதினேழு பேரை வெட்டுகிறான். எட்டாவது வளைவில் விளையாட்டு முடிந்துவிடுகிறது. கொன்றவன் கிடைக்கவில்லை. நாற்பதாயிரம் பேர் விளையாடினார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. யார் கொன்றது?

அதில்தான் அண்ணன் தம்பிக்குள் மூன்று மாதமாகச் சண்டை. சிவாவுக்கு இரண்டாம் பாகம் வேண்டும். பத்து வருடம் கழித்து, வேறு ஊர், வேலனுக்கு வேறு பகை. அன்புவுக்கு எக்ஸ்பான்ஷன் வேண்டும். அதே நாள், அதே மலை, அதே வீடு. போன வாரம் அன்பு யாரிடமும் கேட்காமல் எக்ஸ்பான்ஷனை வெளியிடத் தேதி குறித்துவிட்டான். சிவாவுக்கு அது தெரிந்ததே நேற்றுதான்.

அம்மா பாப்பாத்தி மோர் கொண்டுவந்தாள்.

“காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டீங்களா. ரெண்டாம் பாகமோ அந்த இன்னொண்ணோ, ரெண்டும் அதே வெட்டுக்குத்துதானே?”

“இல்லம்மா” என்றான் சிவா. “ரெண்டாம் பாகம்னா மொதல் ஆட்டத்த வாங்காதவன் கூட ஆடலாம். அது தனி. இது அப்படி இல்ல. மொதல் ஆட்டம் மெஷின்ல இருந்தாதான் தொறக்கும். நீ அதுல எத்தன பேர வெட்டுன, எங்க நிறுத்துன, எல்லாத்தையும் அப்படியே தூக்கிக்கினு வரும்.”

அம்மா யோசித்தாள். “ஒண்ணு, புது மனை போட்டு வூடு கட்டறது. இன்னொண்ணு, இருக்கற வூட்டையே இழுத்துக் கட்டறது.”

“அதேதான்.”

“இழுத்துக் கட்டணும்னா பழைய சொவத்த ஒடைக்கணுமே.”

“ஒடச்சிட்டேன்” என்றான் அன்பு.

அபிநயா மோர்ச் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“புதன்கெழமையே ஒடச்சிட்டேன். எக்ஸ்பான்ஷனுக்குப் பழைய மேப்பத்தான் தொறக்கணும். வயக்காட்டு மோட்டார் கொட்டாய அபி சும்மா ஒரு பொட்டி மாதிரி வெச்சிருந்தா. உள்ள போவ முடியாது. எதுக்கு இவ்ளோ சின்னதுக்கு இவ்ளோ பெரிய ஃபைலுன்னு பாத்தேன். கதவு வெக்கற எடத்துல சொவரு. எடுத்துட்டேன்.”

“அண்ணா” என்றாள் அபிநயா.

“நீ செஞ்சதுதானே. எல்லாரும் பாக்கட்டும்.”

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வாரம் முழுக்க அவள் அந்தக் கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டையும் வயலையும் நினைவிலிருந்து போட்டுக்கொண்டே வந்தவளுக்குக் கொட்டகை வாசலில் கையை நிறுத்தத் தெரியவில்லை. முடித்த பிறகுதான் என்ன செய்திருக்கிறோம் என்று பார்த்தாள். அழிக்க முயன்றாள். விரல் அந்தப் பொத்தானில் இறங்கவில்லை. சுவர் வைத்து மூடினாள். புதிதாக ஒரு மேப் போட்டால் இதை யாரும் திறக்க மாட்டார்கள் என்றுதான் மூன்று மாதமாக வாய் பேசாமல் சிவாவின் பக்கம் நின்றாள்.

அன்பு கதவைத் தட்டினான். திரையில் அது திறந்தது.

மழை நாளின் பகல் வெளிச்சம். மோட்டார். பட்டா பெல்ட். சிமெண்டுத் தரையில் ஒரு ஆள் குப்புறக் கிடந்தான். நீலச் சட்டை, இடது காலில் மட்டும் செருப்பு. மூலையில் ஒரு பெண், கழுத்தைச் சுற்றி முறுக்கிய துண்டு. தரையில் கனத்த இரும்பில் ஒரு பைப் ரெஞ்சு. கதவருகே ஒரு மனிதன், தோளில் துண்டு, பாதி குனிந்து, கையை நீட்டியபடி.

அந்த மனிதனுக்கு முகம் வைக்காமல் விட்டிருந்தாள் அபிநயா. அன்பு வைத்திருந்தான். அம்மாவின் தம்பி சின்னராசு மாமாவின் முகம். கன்னத்து மச்சம் வரை.

“தோள்ல துண்டு போட்டிருக்கற விதம் மாமாதான்னு பாத்ததுமே தெரிஞ்சிது” என்றான் அன்பு. குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. “மத்தபடி எல்லாம் நீ போட்டதுதான். அந்த ரூம பாக்கற கண் மட்டம் மட்டும் தப்பா வெச்சிருந்த. நாலேகால் அடி. வேலன் உயரத்துக்கு நான் தூக்கி வெச்சேன்.”

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அத மூடு” என்றாள்.

“மாமாதானே?”

அம்மா திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“உன் தம்பிதானே? எங்கப்பாவ அடிச்சிக் கொன்னுட்டு, அவனே மொபெட்ல வெச்சி மலைக்குக் கொண்டும்போயி தள்ளிட்டு, பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்களுக்குச் சட்ட எடுத்துக் குடுத்தான் இல்ல?”

சிவா எழுந்து சுவரிலிருந்த ஒயரைப் பிடுங்கினான். திரை கறுத்தது. “இத வெளியிட வுட மாட்டேன். மாமாகிட்ட ஒரு வார்த்த கேக்காம…”

அவன் முடிக்கவில்லை. அன்பு அவன் பிடரியைப் பற்றி முகத்தை மேசை விளிம்பில் இடித்தான். ஒரு முறை. சிவா கையை ஊன்றி எழ, இன்னொரு முறை. பல் உடையும் சத்தம் விளையாட்டில் வைத்திருந்த சத்தம் போல இல்லை. மிகவும் சின்னதாக இருந்தது. அபிநயா குறுக்கே போனாள். அன்புவின் முழங்கை தாடையில் பட, அவள் மோர்ச் சொம்பின் மேல் விழுந்தாள்.

“நான் ஏற்கெனவே ஏத்தி வெச்சிட்டேன்” என்றான் அன்பு, மூச்சு வாங்கியபடி. “ஒயர புடுங்குனா நிக்காது. பாஸ்வேர்டு என்கிட்ட இருக்குது. நாளைக்கு ஆறு மணிக்கு ஊரே பாக்கும். ஆனா அதுக்கு முன்னாடி நான் அவனப் பாக்கணும்.”

“மாமா இல்லண்ணா” என்றாள் அபிநயா, தரையிலிருந்தே.

அவன் நின்றான். “அப்ப யாரு?”

அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடங்களாகத் தெரியும். அந்தப் பெயர் நாக்கின் அடியில் கூழாங்கல் மாதிரி கிடந்தது. வாயைத் திறந்தாள்.

“அபி” என்றாள் அம்மா.

பெயரை மட்டும்தான் சொன்னாள். அபிநயா வாயை மூடிக்கொண்டாள்.

அன்பு இருவரையும் பார்த்தான். பிறகு படியிறங்கினான். கீழே, கரும்பு வெட்டும் கொடுவாளை வாசல் கூரை எரவாணத்திலிருந்து உருவும் சத்தம் கேட்டது. அடுத்து பைக்.

ஸ்கூட்டியில் மூன்று பேர் போனார்கள். சிவா ஓட்டினான். நடுவில் அபிநயா, பின்னால் அம்மா. கள்ளக்குறிச்சி ஊருக்குள் சனிக்கிழமைக் கூட்டம். பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு டிராபிக் போலீஸ்காரர் கையை நீட்டினார். சிவாவின் வாயிலிருந்து சட்டை முழுக்க ரத்தம் வழிந்திருந்ததைப் பார்த்து, கையை இறக்கிக்கொண்டார்.

“ஆஸ்பத்திரி அந்தாண்ட” என்றார்.

சிவா நிற்கவில்லை. கச்சிராயபாளையம் சாலையில் திரும்பியதும் ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கேட்டான். “மாமா போன எடுக்கறாரா?”

“எடுக்கல” என்றாள் அம்மா.

“கெழங்கு லோடு ஏத்திக்கினு இருப்பாரு. அந்த எரச்சல்ல காதுல வுழாது.” கொஞ்ச தூரம் போனான். “அபி, நீ அந்த ரூம எப்படி போட்ட? அன்னிக்கி நான் ஸ்கூல்ல. அண்ணன் சேலத்துல ஹாஸ்டல்ல. நீயும் ஸ்கூல்லதான் இருந்தன்னு அம்மா சொல்லிச்சு.”

அம்மாவின் கை அபிநயாவின் தோளில் இறுகியது. நகம் பதிந்தது.

“கேக்கறேன் இல்ல?”

“ரோட்டப் பாத்து ஓட்டு” என்றாள் அம்மா.

மலை முன்னால் வந்துகொண்டிருந்தது. மரவள்ளி வயல்கள், இடையிடையே கரும்பு. காற்றில் அம்மாவின் வாய் அவள் காதோடு ஒட்டியது.

“நீ வாயத் தொறக்காத. நான் பாத்துக்கறேன். இன்னும் ரெண்டு மாசத்துல நீ மேல படிக்கப் போயிடுவ. அதுவரைக்கும்.”

இதையேதான் அம்மா பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பும் சொன்னாள். அப்போது, அஞ்சாவது முடியட்டும் என்றாள். பிறகு பத்தாவது. பிறகு காலேஜ். அபிநயா தலையை ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டது என்று தெரிந்தது.

சின்னராசு மாமாவின் கிழங்குக் களம் அணைக்குப் போகும் வழியில் இருந்தது. வாசலில் அன்புவின் பைக் கீழே சாய்ந்து, எஞ்சின் அணையாமல் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே லாரியும் இரைந்துகொண்டிருந்தது. ஏற்றுகிறவர்கள் யாரும் ஏற்றவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் கிழங்குக் குவியலுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்கள்.

மாமா லாரியின் பின்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது முன்கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை திறந்திருந்தது. வெள்ளையாக ஒன்று உள்ளே தெரிந்தது. அபிநயா அதை எலும்பு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ரத்தம் மண்ணில் ஊறி, உதிர்ந்த கிழங்குத் தோல்களை நனைத்துக்கொண்டிருந்தது. தெறிக்கவில்லை. நிதானமாகத்தான் வழிந்தது.

அன்பு அவர் நெஞ்சில் மிதித்தான். தலை சக்கரத்தில் மோதியது.

“அன்பு” என்று அம்மா கத்தினாள்.

மாமா அவர்களைப் பார்த்தார். முதலில் அம்மாவை, பிறகு அபிநயாவை. அவளிடம் பார்வை நின்றது.

“மாப்ள” என்றார் அன்புவிடம். “பொம்பளைங்க எதிர்ல வேணாம். அவங்கள வூட்டுக்கு அனுப்பிட்டு அப்பறம் இன்னா வேணாலும் பண்ணு.”

“எங்கப்பாவ கொன்னது நீதானே?”

“ஆமாண்டா.”

சிவா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். களத்துக்கு வரும் வழியெல்லாம் அவன் நம்பியது அதற்கு நேர்மாறானதை.

“நாந்தான்” என்றார் மாமா. “உங்கொப்பன் எங்க அக்காவ போட்டு அடிச்சிக்கினு இருந்தான். பாக்க முடியல. அடிச்சேன். செத்துட்டான். மலைக்கி எடுத்தும்போயி தள்ளுனேன். போதுமா?”

“எதால அடிச்ச?” என்று கேட்டது சிவா.

“இன்னாடா?”

“எதால அடிச்ச மாமா?”

மாமா ஒரு நொடி தாமதித்தார். “கட்டையால.”

“கட்டையா? அபி போட்ட ரூம்ல கட்டயே இல்லயே. ரெஞ்சுதானே கெடக்குது.”

“பன்னெண்டு வருசம் ஆச்சு. கட்டையோ ரெஞ்சோ, எவன் ஞாபகம் வெச்சிக்கினு இருப்பான்?”

“அடிச்சவன் வெச்சிருப்பான்” என்றான் சிவா.

அன்பு தம்பியைத் திரும்பிப் பார்த்தான். கொடுவாள் முனையிலிருந்து சொட்டியது. அந்த இடைவெளியில் அம்மா முன்னால் போனாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அன்புவுக்கும் மாமாவுக்கும் நடுவில் நின்றாள்.

“அவன் பொய் சொல்றான். அவன் வரச்சொல்ல எல்லாம் முடிஞ்சி போச்சு. நாந்தான் அவன வரச்சொன்னேன். ரெஞ்ச எடுத்து அடிச்சது நானு. வெட்டறதுன்னா என்ன வெட்டு.”

குவியலுக்குப் பின்னால் யாரோ ஒருத்தி “அய்யோ” என்றாள். இன்னொருவன் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். அபிநயா அதைக் கவனித்தாள். கவனித்ததைத் தவிர வேறெதுவும் செய்ய முடியவில்லை.

“நீ அடிச்சியா” என்றான் அன்பு.

“ஆமா.”

“அபி போட்டதுலயே தெரியுது. அப்பா உன் கழுத்துல துண்டப் போட்டு முறுக்கிக்கினு இருந்தாரு. நேரா, உன் மூஞ்சியப் பாத்துக்கினு. நீ மூலையில கெடந்த.” அவன் குரல் முதல்முறையாக உடைந்தது. “அடி பின்னந்தலையில இருந்துது. ஆஸ்பத்திரில நான்தாம்மா தொட்டுப் பாத்தேன். இந்தக் கையாலதான். பின்பக்கம். நீ எப்படிம்மா அங்க போன? துண்டு கழுத்துல இருக்க, எந்திரிச்சி, சுத்திக்கினு போயி அடிச்சியா?”

அம்மாவின் கை கழுத்துக்குப் போனது.

“தம்பிய காப்பாத்தறா” என்றான் அன்பு, பொதுவாக எல்லோரிடமும். “புருசன கொன்னவன பன்னெண்டு வருசமா காப்பாத்திக்கினு இருக்கறா. அவன் பொங்கலுக்கு வூட்டுக்கு வந்தா எல போட்டு சோறு போடறா.”

அவன் அம்மாவை இடது கையால் தள்ளினான். அவள் கிழங்குக் குவியலில் போய் விழுந்தாள். குவியல் சரிந்து அவள் கால்களை மூடியது. சிவா பாய்ந்தான். அன்பு கொடுவாளின் பிடியால் அவன் நெற்றியில் ஒரே அடி அடிக்க, சிவா முட்டிபோட்டான்.

மாமா ஓடவில்லை. ஓடக்கூடியவர்தான். அவர் நல்ல கையை ஊன்றி எழுந்திருக்கலாம், லாரிக்கு அடியில் போயிருக்கலாம். அவர் அபிநயாவைப் பார்த்து மெதுவாகத் தலையை இடமும் வலமும் அசைத்தார். வேண்டாம் என்றார். பிறகு கழுத்தை நிமிர்த்திக்கொண்டு கண்ணை மூடினார்.

கொடுவாள் மேலே போனது.

மாடியில் ஒரு பெயர் சொல்லியிருந்தால் சிவாவின் பல் மட்டும் போயிருக்கும். இந்தக் கை திறந்திருக்காது. இன்னும் ஒரு நொடி பேசாமல் இருந்தால் இந்தத் தலை இருக்காது, பெரியண்ணன் வாழ்நாள் முழுக்க ஜெயிலில் இருப்பான். எல்லாவற்றுக்கும் விலை அவள் மூடிக்கொண்டிருந்த ஒரு வாய்.

அவள் ஓடவில்லை. நடந்தாள். அன்புவின் வலது பக்கம் போய், அவன் ஓங்கியிருந்த கைக்குக் கீழே நின்றாள். இவ்வளவு அருகில் அவன் வியர்வை நாற்றம் அப்பாவுடையதைப் போலவே இருந்தது.

“அன்னிக்கி எனக்கு அரைநாள் ஸ்கூலு” என்றாள்.

“தள்ளிப் போ அபி.”

“மழைன்னு வுட்டுட்டாங்க. வூட்ல அம்மா இல்ல. வயக்காட்டுக்குப் போனேன். கொட்டாய்க்குள்ள அம்மா காலு ஒதச்சிக்கினு இருந்துது. அப்பறம் ஒதைக்கறது நின்னு போச்சு.”

கை இறங்கவில்லை. ஆனால் அசையவும் இல்லை.

“அபி, வேணாம்டி” என்றாள் அம்மா, கிழங்குகளுக்கு நடுவிலிருந்து. “சொல்லாதடி.”

“அப்பான்னு கூப்ட்டேன். மூணு தடவ கூப்ட்டேன். அவரு திரும்பல.” அவள் குரல் சின்னதாகத்தான் இருந்தது. லாரி இரைச்சலிலும் எல்லோருக்கும் கேட்டது. “மாமா அப்பறமாத்தான் வந்தாரு. வந்து என் கையிலருந்து ரெஞ்ச வாங்கிக் கீழ வெச்சாரு. அப்பாவ அடிச்சது நாந்தாண்ணா.”